இரட்டைத் தலை ஸ்டெதாஸ்கோப்: வார்டிலிருந்து ஒரு மதிப்பீடு

பெட்டியின் மேல் ‘இதயநோய் நிபுணர்களுக்கான தரம்’ என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் இதயநோய் நிபுணர் இல்லை. பொது மருத்துவ வார்டில் பணிபுரியும் செவிலியர். ஷிப்ட் தொடங்கியதும் என் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை பரிசோதித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்; நேற்றைக்கு இன்று எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கருவியை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். ஒரு பக்கம் டயாஃப்ரம் எனும் தட்டையான சவ்வு, மறுபக்கம் பெல் எனும் குழிந்த கிண்ணம், துருப்பிடிக்காத எஃகுத் தலை, தடித்த ஒற்றைக் குழாய். இந்த அமைப்பில் பல நிறுவனங்கள் செய்கின்றன. நான் எழுதுவது இவ்வகைக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காது முனைகள். விற்பனையாளர்கள் தலையைப் பற்றியே பேசுவார்கள். பாதிக் காரியம் காதில் இருக்கிறது. பெட்டியில் கடினமான ஒரு ஜோடியும் மென்மையான சிலிக்கான் ஜோடியும் வருகின்றன. கடினமானதை அப்படியே பெட்டியில் விட்டுவிடுங்கள். காதில் இறுக்கமாகப் பொருந்தாமல் காற்று கசிந்தால் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் தொலையும். முனைகள் மூக்கை நோக்கி முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். காதின் துளை அப்படித்தான் அமைந்திருக்கிறது. திருப்பி மாட்டிக்கொண்டு ‘ஒன்றும் கேட்கவில்லை அக்கா’ என்று வரும் மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

கேட்காமல் போவதற்கு இன்னொரு காரணம் தலையின் திருகு. ‘கிளிக்’ என்று திருப்பினால்தான் டயாஃப்ரமோ பெல்லோ திறக்கும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று தண்டிலுள்ள ஒரு சிறு புள்ளி காட்டும் என்கிறார்கள். இரவு ஷிப்டின் மங்கிய வெளிச்சத்தில் அதை யார் பார்ப்பது? விரல் நுனியால் டயாஃப்ரத்தை மெல்லத் தட்டிப் பார்ப்பதே விரைவான வழி.

டயாஃப்ரம் நன்றாக இருக்கிறது, மிக நன்றாகவே. நுரையீரல் ஒலிகளுக்கு இதைவிட மேலானது வார்டுக்குத் தேவையில்லை. படுத்தே இருக்கும் முதியவரின் முதுகில், கீழ்ப்பகுதியில் வைத்து, வாயைத் திறந்து மெதுவாக ஆழமாக மூச்சு விடச் சொன்னால், மூச்சை இழுக்கும் முடிவில் எழும் மெல்லிய கிராக்கிள்ஸ் (படபடவென்ற வெடிப்பொலி) தெளிவாகக் கேட்கிறது. இருமச் சொல்லி மறுபடி வையுங்கள். மறைந்துவிட்டால் அது பெரும்பாலும் தேங்கிய சளி. மறையாமல் இரு பக்க அடியிலும் நின்றால், கால் வீக்கமும் சேர்ந்திருந்தால், இதயச் செயலிழப்பை நினைக்க வேண்டும். ஒரே பக்கத்தில் மட்டும் இருந்து, காய்ச்சலும் இருந்து, அந்த இடத்தில் மூச்சொலி குழாய்க்குள் ஊதுவதுபோல் கரகரவென்று மாறியிருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். மருத்துவர் தாளில் ‘நிமோனியா’ என்று எழுதுவார். என் தாளில் ‘சளியைத் தானாக வெளியேற்ற முடியவில்லை’ என்று எழுதி, எப்படி உட்காரவைப்பது, எத்தனை மணிக்கு ஒரு முறை இருமவைப்பது என்று திட்டமிட வேண்டும். இரண்டு தாள்களுக்கும் ஆதாரம் அதே ஒலிதான்.

இவ்வளவு கூர்மையான டயாஃப்ரத்துக்கு ஒரு தொல்லையும் உண்டு. சட்டையின் மேல் வைத்தால் துணி உரசும் ஓசையையும் கிராக்கிள்ஸ் போலவே கொண்டுவந்து தரும். தோலில் வைத்துத்தான் கேட்க வேண்டும். மேலிருந்து கீழாக, இடது வலது என்று ஒப்பிட்டுக்கொண்டே வர வேண்டும். அவசரத்தில் இரண்டு இடத்தில் தொட்டுவிட்டு ‘தெளிவாக உள்ளது’ என்று எழுதுகிறவர்களுக்கு இந்தக் கருவி வீண்.

ஆஸ்துமா நோயாளியிடம் இன்னொரு எச்சரிக்கை. முன்பு நன்றாகக் கேட்ட வீசிங் (விசில் போன்ற மூச்சொலி) இப்போது குறைந்துவிட்டது, ஆனால் அவர் களைத்துப்போய் வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுகிறார் என்றால், அது முன்னேற்றம் அல்ல. ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று நகரவில்லை என்று பொருள். ஸ்டெதாஸ்கோப்பைச் சந்தேகித்துக்கொண்டு நிற்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

பெல் பக்கத்துக்காகத்தான் நான் இதை ஒற்றைத் தலைக் கருவிகளைவிட விரும்புகிறேன். தாழ்ந்த சுருதி ஒலிகள் இதன் வழியே வரும். தோலில் பட்டும் படாமலும் வைக்க வேண்டும். அழுத்தினால் அடியிலுள்ள தோலே இறுகி டயாஃப்ரமாகிவிடும். நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து இதய முனையில் வைத்தால் மூன்றாம் இதய ஒலி கேட்கும். இளம் வயதினருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது இயல்பாக இருக்கலாம். மூச்சுத்திணறலோடு வந்த அறுபது வயதுக்காரரிடம் கேட்டால் உடனே சொல்ல வேண்டிய செய்தி.

ரத்த அழுத்தம் பார்க்கும்போதும் பெல்லை முயன்று பாருங்கள். பட்டையின் காற்றை இறக்கும்போது கை நாளத்தில் கேட்கும், 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் விவரித்த அந்த ஒலிகளும் தாழ்ந்த சுருதிதான். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றடித்து, நாடி மறையும் அளவுக்கு மேல் இன்னும் 30 மி.மீ. பாதரசம் ஏற்றி, வினாடிக்கு 2 அல்லது 3 என்று இறக்க வேண்டும். இந்த முதல் படியை விட்டால், சிலருக்கு ஒலி நடுவில் நின்று மறுபடி தொடங்கும் இடைவெளியில் ஏமாந்து, 180 இருக்கிறவருக்கு 140 என்று எழுத நேரும். உலகின் எந்த ஸ்டெதாஸ்கோப்பாலும் அதைத் தடுக்க முடியாது.

இதய முனைத் துடிப்பு எண்ணவும் இது வசதி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (துடிப்பு ஒழுங்கற்றுப்போகும் இதயக் கோளாறு) உள்ளவர்களுக்கு மணிக்கட்டில் எண்ணுவது போதாது. இடப்பக்கம் ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுக்கோட்டில் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் டிஜாக்சின் மாத்திரை கொடுக்கும் முன்பும் அப்படியே. பெரியவர்களுக்கு 60-க்குக் கீழ் என்றால் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வயிற்றுக்கு இவ்வளவு உயர்ந்த கருவி தேவையே இல்லை. அங்கே கருவியைவிட வரிசை முக்கியம்: பார்த்த பிறகு கேட்க வேண்டும், கேட்ட பிறகுதான் தட்டவும் அழுத்தவும் வேண்டும்.

இனி குறைகள். பெல் விளிம்பில் குளிர் தெரியாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கத்தான் வேண்டும். துடைக்கத் துடைக்க வளையம் தளர்ந்து கழன்று விழுகிறது. தனியாக மாற்று வளையம் கேட்டால் ‘முழு உதிரித் தொகுப்பாகத்தான் வரும்’ என்கிறார்கள். இது அநியாயம். எடையும் அதிகம், ஷிப்ட் முடிவில் கழுத்து சொல்லும். தோலின் எண்ணெய்ப்பசை பட்டுக் குழாய் விறைத்துப்போகும் என்பதால் கழுத்தில் போடாமல் பையில் வைப்பதே நல்லது.

பெட்டியில் எழுதாத வரம்புகளும் உண்டு. ஒரு பக்கம் மூச்சொலி குறைந்திருக்கிறது என்பதைக் கருவி சொல்லும்; உள்ளே இருப்பது நீரா காற்றா என்று சொல்லாது. அதற்கு விரலால் தட்ட வேண்டும்: நீர் என்றால் மந்தம், காற்று என்றால் வெற்றொலி. இந்தத் தட்டும் முறையை ஆஸ்திரிய மருத்துவர் அவன்ப்ருக்கர் 1761-இல் வெளியிட்டார்; ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லெனெக் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்ததற்கு அரை நூற்றாண்டு முன்பே. மூச்சு எண்ணிக்கைக்கும் இது உதவாது. மார்பில் வைத்ததுமே நோயாளி மூச்சை மாற்றிக்கொள்வார். நாடி பார்த்த கையை எடுக்காமலே, அவர் அறியாமல், மார்பு எழுந்து தாழ்வதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் என்றால், நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் பிரிட்டனின் 2017 நியூஸ்-2 மதிப்பெண் முறை அந்த ஒன்றுக்கே 3 கொடுக்கிறது.

மின்னணு வகை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். செவித்திறன் குறைந்த சக செவிலியர்களுக்கு அவசியம் பரிந்துரைப்பேன். மற்றவர்களுக்கு அது வார்டின் இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கும், சார்ஜும் கேட்கும்.

ஐந்துக்கு நான்கு. வளையத்துக்காக ஒன்றைக் குறைத்திருக்கிறேன். முதலாண்டு மாணவர்கள் இதைவிட எளிய இரட்டைத் தலைக் கருவியில் தொடங்கி, மிச்சப் பணத்தில் நல்ல காது முனைகளும் விநாடி முள் உள்ள கைக்கடிகாரமும் வாங்கிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் குழாயில் பெயர்ப்பட்டை மாட்டிவிடுங்கள்; ரவுண்ட்ஸுக்கு வரும் மருத்துவர்கள் கேட்டு வாங்குவதில் காட்டும் அக்கறையைத் திருப்பித் தருவதில் காட்டுவதில்லை.