அப்பாவின் மூச்சுக் கணக்கு: 2,300 ரூபாய் கைப் பேண்டும் 14 மாதங்களும்

அப்பா ராஜபாளையத்தில் நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி ஒரு பக்கம், பீடி ஒரு பக்கம். இப்போது சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய். பாதிப் படி ஏறும்போதே மூச்சு வாங்கும். ராத்திரியில் அவர் மூச்சைக் கவனிக்க ஏதாவது இருந்தால் தேவலை என்று, கையில் கட்டும் பேண்டு ஒன்றை 2,300 ரூபாய்க்கு வாங்கினேன். கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டர் ஏற்கெனவே வீட்டில் கிடந்தது. இரண்டையும் பதினான்கு மாதம் பயன்படுத்தியாயிற்று.

பேண்டு வாங்கியதே ஆக்ஸிஜன் அளவு பார்க்கத்தான், ஏமாந்ததும் அதில்தான். இரண்டாவது வாரம், விடிகாலை மூன்று மணிக்கு போன் அலறியது: 84. பதறிக்கொண்டு ஓடினால், அப்பா கையைத் தலைக்கு அடியில் மடித்து வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். விரலில் கிளிப்பை மாட்டினேன், 93. அவருக்கு வழக்கமான அளவே அதுதான். எழுப்பியதற்குத் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

விரல் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி மறுபக்கத்தில் அளக்கிறது. மணிக்கட்டில் அதற்கு வழியில்லை. தோலிலிருந்து திரும்பி வரும் கொஞ்ச ஒளியை வைத்துப் பேண்டு கணக்குப் போடுகிறது. வார் தளர்ந்தாலோ, கை அழுந்தினாலோ, குளிர்ந்தாலோ கணக்கு தப்பும். அந்த அலாரத்தை மறுநாளே அணைத்துவிட்டேன். விரல் கருவி சொல்வதும் தெய்வவாக்கு இல்லை. கருத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். என் மகள் கருநீல நகச்சாயம் பூசிய விரலை விட்டபோது வெறும் கோடுதான் வந்தது.

நான் கண்டுகொள்ளாமல் விட்டிருந்த இன்னொரு எண்தான் கடைசியில் உதவியது. தூக்கத்தில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கணக்கு. மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துத்தான் மலிவு பேண்டுகள் மூச்சை எண்ணுகின்றன. அசையாமல் படுத்திருந்தால்தான் இது சரிப்படும். பகலில் காட்டுவதைச் சட்டை செய்ய வேண்டாம். நாடித் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும் இதை நம்ப முடியாது. நான் ஒரு வாரம் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவின் வயிறு ஏறி இறங்குவதை நிமிடம் முழுக்க எண்ணிப் பார்த்தேன். ஒன்றிரண்டுதான் முன்னே பின்னே இருந்தது.

மாதக்கணக்கில் 16, 17 என்றே ஓடிக்கொண்டிருந்தது. போன மார்கழியில் ஒரு திங்கட்கிழமை 19. செவ்வாய் 21. புதன் 23. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, பனி" என்றார். வியாழன் காலை சளி மஞ்சளாக வந்தது. டாக்டர் பேண்டு எண்களைப் பார்த்துத் தலையாட்டினார், அப்புறம் தானே கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்: 26. மாத்திரை, இன்ஹேலரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முந்தின வருடம் இப்படியே சளி முற்றி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்துப் பெரிதாகச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் எனக்குக் காசு அன்றைக்கே தேறிவிட்டது. பேசவே மூச்சு போதவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் எந்த எண்ணையும் பார்த்துக்கொண்டிருக்காமல் வண்டியை எடுக்க வேண்டும்.

மற்றதெல்லாம் சில்லறைத் தொல்லை. சித்திரை வெயிலில் வாருக்கு அடியில் வேர்க்குரு வந்தது. தினம் கை மாற்றிக் கட்டினோம். பத்தாவது மாதம் வார் அறுந்தது, புதுசு 150 ரூபாய். ஒரு வாரம் நின்ற சார்ஜ் இப்போது நான்கு நாள்தான். போன் மாற்றியபோது ஆப்பில் இருந்த பழைய கணக்கெல்லாம் போய்விட்டது, அதில்தான் எனக்கு ஆத்திரம். அன்றிலிருந்து காலையில் எண்ணைப் பார்த்து, சமையலறை மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். முதல் மாதம் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தினம் 17 பாக்கெட்டா?" என்று பால்காரரை நிறுத்தி வைத்துவிட்டார்.