மலைக் குளிரில் மக்கர் பண்ணும் வண்டியை மதிய வெயிலில் காட்டி காசு வாங்குகிறார்கள், உஷார்

மார்கழி, தை மாதங்களில் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கும் ஏற்காட்டுக்காரர்கள், வண்டியைச் சேலத்துக்கு இறக்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என் வண்டி பகலில் சாவியைத் திருப்பியதும் எடுக்கும். விடியற்காலையில்தான் தொல்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றும், சைலென்சரில் பச்சை டீசல் வாடையோடு கண் எரிகிற மாதிரி வெள்ளைப் புகை வரும், எஞ்சின் பிடிக்காது. பிடித்தாலும் கொஞ்ச நேரம் உதறிவிட்டு அப்புறம்தான் சீராக ஓடும். இதை அப்படியே சொன்னேன். பைபாஸ் ஓரத்து ஒர்க்‌ஷாப்காரர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை, "பம்ப் போயிடுச்சுண்ணா, நாசிலும் மாத்தணும்" என்றார் (டீசலைத் தள்ளுவது பம்ப், அதை சிலிண்டருக்குள் பீய்ச்சுவது நாசில்). பில் 18,500 ரூபாய். வெள்ளைத்தாளில் எழுதியது, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. பழைய நாசிலைக் காட்டச் சொன்னால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

அசல் தில்லுமுல்லு வண்டியைத் திருப்பிக் கொடுத்த விதத்தில் இருக்கிறது. மதியம் 2 மணிக்கு, வெயிலில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பி "பாருங்கண்ணா, தொட்டதும் எடுக்குது" என்றார்கள். எடுக்காமல் என்ன செய்யும்? வேலை செய்வதற்கு முன்பும் அந்த வெயிலில் அது அப்படித்தான் எடுத்தது! 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற பிறகு, மறுநாள் காலையில் அதே வெள்ளைப் புகை.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை அமுக்குகிற சூட்டில்தான் டீசல் பற்றும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், அதை ஈடுகட்ட, ஸ்டார்ட் பண்ணும்போது உள்ளே சூடேற்றிக் கொடுப்பதுதான் ஹீட்டர் பிளக். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வருகிறது என்றாலே டீசல் சிலிண்டருக்குள் போகிறது, பற்றவில்லை என்றுதானே அர்த்தம். புகையே வராமல் செல்ஃப் மட்டும் சுற்றினால் ஃபில்டர், ஏர் லாக் (டீசல் லைனில் காற்று புகுந்து அடைப்பது), பம்ப் என்று தேடலாம். அதிலும் ரோட்டரி பம்ப் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் சூடான எஞ்சின்தான் மறுபடி எடுக்க முரண்டு பிடிக்கும். பம்ப்வேலை செய்கிற கடைக்கு இது தெரியாமல் இருக்காது.

கடைசியில் மேலே, டிராக்டர் வேலை பார்க்கும் ஒரு பையன்தான் கண்டுபிடித்தான். 4 ஹீட்டர் பிளக்கையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டையைக் கழற்றினான் (அதைக் கழற்றாமல் பார்த்தால் எது செத்தது என்றே தெரியாது), இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் வயர் சுற்றி, ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தான். ஒன்றில்தான் பல்பு எரிந்தது, மூன்றும் அவுட். வெளியே எடுத்தால் ஒன்றின் முனை கரிந்து உப்பிப்போயிருந்தது. பிளக்குகளுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலேயிலிருந்து கரண்ட் வருகிறதா என்றும் பார்த்தான், வந்தது. புது பிளக்கும் கூலியும் சேர்த்து 2,400 ரூபாய், அதுவும் மறுநாள் காலையில் வண்டி எடுத்த பிறகுதான் வாங்கிக்கொண்டான்.

செல்ஃபே இழுத்து இழுத்துச் சுற்றினால் கதை வேறு, முதலில் பேட்டரி முனையில் பூத்திருக்கும் உப்பையும் எர்த் வயரையும் பாருங்கள். சுற்றும்போது மீட்டரில் 10 வோல்ட்டுக்கு மிகவும் கீழே விழுந்தால் பேட்டரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணி வைக்கச் சொல்லும் புண்ணியவான்களிடம் மாட்டாதீர்கள், ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அது இன்டேக்கிலேயே வெடித்துவிடும்.

கீழேதான் கொடுக்க வேண்டும் என்றால், ராத்திரி மேலே நிறுத்தி காலையில் எடுத்துப் பார்த்த பிறகே முழுப்பணம் என்று முன்னாலேயே பேசுங்கள். கழற்றும் பார்ட்ஸையும் பையில் போட்டுக் கேளுங்கள்.

செத்த பிளக்குகளோடு அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். "பம்ப் பண்ணாம விட்டிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்ணா" என்கிறார். பணம் திரும்பவில்லை.