கள ஆய்வா, செயற்கைக்கோள் படமா?

புவியியல் ஆய்வேடு எழுதப் போகிற மாணவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு: முதலில் எதைக் கற்பது? பள்ளிக்கரணை சதுப்புநிலம் எப்படிச் சுருங்கியது என்ற கேள்வியை வைத்தே பார்ப்போம்.

செலவு: அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம், அவற்றை வரைபடமாக்கி அலச உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். களத்துக்குப் பயணச் செலவு, வினாத்தாள் நகல், அப்புறம் நிறைய நாட்கள்.

காலம்: லேண்ட்சாட் 1972 வரை பின்னே போகும். இதில் களம் போட்டியிடவே முடியாது.

நுணுக்கம்: ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் மிகத் தெளிவான பட்டைகளிலேயே (ஒளி அலைவரிசைகளிலேயே) ஒரு பிக்சல், அதாவது ஒரு படப்புள்ளி, தரையில் 10 மீட்டர் அகலம். ஆகாயத்தாமரை மூடிய நீரும் பசும்புல்லும் அதில் ஒன்றுபோலத் தெரியலாம். கரையில் நின்றால் அந்தச் சந்தேகமே வராது. மண் கொட்டியது எப்போது, மீன்பிடித்தவர் ஏன் தொழிலை விட்டார் என்பதையெல்லாம் அங்கேதான் கேட்க முடியும்.

பழகுவது: மென்பொருளை வீட்டிலிருந்தே கற்கலாம். நேர்காணல் அப்படியல்ல. "மழைக்கு இங்க தண்ணி எவ்வளவு நிக்கும்?" என்று கேட்டுவிட்டுக் குறுக்கிடாமல் இருக்கவே பயிற்சி வேண்டும்.

பரப்பளவு மாற்றம்தான் கேள்வி என்றால் படம்; காரணம்தான் கேள்வி என்றால் களம். படத்தைத் தேர்ந்தெடுத்தாலும், எது நீர், எது புல் என்று அதில் வகைப்படுத்தியது சரிதானா என்று பார்க்கச் சில இடங்களுக்காவது ஜிபிஎஸ்ஸோடு போய்த்தான் ஆக வேண்டும்.