பாப் ஸ்மியரா, எச்.பி.வி. சோதனையா? இரண்டும் செய்து பார்த்த பிறகு

"அக்கா, எச்.பி.வி. சோதனைக்குக் கிளினிக்ல பஞ்சுக்குச்சியைக் கையில குடுத்து நம்மளையே எடுக்கச் சொல்றாங்களாமே. அது சரியா வருமா? பேசாம பழைய பாப் ஸ்மியரே எடுத்துக்கட்டுமா?"

ஆலை கேண்டீனில் காதோரமாகக் கேட்டவளுக்கு 34 வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கம் சர்க்கரை, பிரஷர் என்றால் ஊர் கேட்கப் பேசுவோம். யார் எத்தனை மாத்திரை போடுகிறார்கள் என்பதுகூட அத்துப்படி. கருப்பை வாய் என்று வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும்.

எனக்கு 43 வயது. செம்பனை ஆலையில் லோரி எடை எழுதும் கிராணி. மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் இரண்டையும் செய்து பார்த்தவள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 30 வயது தாண்டிய பெண்ணுக்கு, அதுவும் தோட்டத்துப் பெண்ணுக்கு, எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) சோதனைதான்.

பொதுவான விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். இரண்டுமே கருப்பை வாய்ப் புற்றுநோயை அது வருவதற்கு முன்பே தடுக்கத்தான். அரசு கிளினிக்கில் செலவு ஒரு பொருட்டில்லை. இரண்டும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானவை. உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் என்றால் எந்தச் சோதனை என்று யோசித்துக்கொண்டு உட்காராமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

வித்தியாசம் எதைத் தேடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. பாப் ஸ்மியரில் கருப்பை வாயிலிருந்து சுரண்டி எடுத்த செல்கள் உருமாறியிருக்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். எச்.பி.வி. சோதனையில் அந்த மாற்றத்தை உண்டாக்கும் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். எங்கள் செம்பனைக் காட்டில் கானோடெர்மா பூஞ்சை இப்படித்தான். மட்டை தொங்கி, குருத்து விரியாமல் நிற்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் அடித்தண்டு பாதி போயிருக்கும். பாப் ஸ்மியர் மட்டையைப் பார்ப்பது மாதிரி, எச்.பி.வி. சோதனை பூஞ்சையையே தேடுவது மாதிரி.

இனி என் சொந்தக் கணக்கு. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, 2013இல், முதல் பாப் ஸ்மியர். எல்லாம் சரி, அடுத்த வருடம் வாருங்கள், அதுவும் சரியாக இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும் என்றார் தாதி. அடுத்த வருடம் நான் போகவில்லை. மாமியாருக்குக் கால் புண். 2016இல் போனேன். செல் தெளிவாக இல்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று தகவல் வந்தது. ஒரு நாள் லீவு போட்டு, வாத்தின் அலகு மாதிரி இருக்கும் அந்தக் கருவிக்காகக் காலை அகட்டிப் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது வீண். மறுபடி போக மனசு வர 2018 ஆகிவிட்டது. பிறகு கொரோனா. 2013இலிருந்து 2023 வரை முறைப்படி ஐந்து தடவை எடுத்திருக்க வேண்டும். நான் எடுத்தது மூன்று, அதில் உருப்படியானது இரண்டு. சம்பளத்தோடு லீவு கிடைக்கிற கிராணியே இப்படி என்றால், குலை எண்ணிக்கைக்குச் சம்பளம் வாங்குகிறவர்களைக் கேட்கவே வேண்டாம்.

என்னைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்: 'இல்லை' என்று வருகிற ஒரு முடிவை எத்தனை வருடம் நம்பலாம்?

இதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். ஹெரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1980களில் இந்தப் புற்றுக் கட்டிகளுக்குள் எச்.பி.வி. வகை 16ஐயும் 18ஐயும் கண்டுபிடித்தார். 2008இல் நோபல் பரிசும் வாங்கினார். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய எல்லாமே இந்த வைரஸ் குடும்பத்தால் வருவது. அந்த இரண்டு வகையால் மட்டும் சுமார் 70 விழுக்காடு. தொற்று வருவது மிகச் சாதாரணம். பெரும்பாலானோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். போகாமல் தங்கிவிட்டால்தான் ஆபத்து. அப்போதும் புற்றாக மாற வழக்கமாகப் பத்து, பதினைந்து வருடத்துக்கு மேல் பிடிக்கும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வைரஸே இல்லை என்றால் அடுத்த சில வருடங்களில் புற்று வர வழியே கிட்டத்தட்ட இல்லை. இன்றைக்கே தொற்றினாலும் அது வேலை காட்ட வருடங்கள் ஆகும். அதனால்தான் சுத்தம் என்று வந்தால் ஐந்து வருடம் கழித்து வரச் சொல்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, பொதுவான பெண்களுக்கு 30 வயதிலிருந்து ஐந்து முதல் பத்து வருடத்துக்கு ஒரு முறை என்கிறது. பாப் ஸ்மியரில் அந்தத் துணிச்சல் கிடையாது. சுரண்டிய இடம் தப்பலாம், ஸ்லைடு கலங்கலாம், பார்ப்பவர் கண் களைக்கலாம். ஒரு தடவையில் தவறியதை அடுத்த தடவையில் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் மூன்று வருடத்துக்கு ஒரு முறை. ஒழுங்காகக் கூப்பிட்டு, ஒழுங்காக வருகிற நாடுகளில் அது புற்றுநோயை வெகுவாகக் குறைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என்னை மாதிரி தவணை தவறுகிறவளுக்கு அடிக்கடி வரச் சொல்லும் சோதனை சரிப்படாது. வருடம் தவறினாலும் தாங்குகிற சோதனை வேண்டும்.

சரி, குச்சி விஷயம். நம் நாட்டு அரசு கிளினிக்குகளில் எச்.பி.வி. சோதனை 2019 முதல் படிப்படியாக வந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலியக் குழுவோடு சேர்ந்து தொடங்கிய ரோஸ் என்ற கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைத் திட்டத்திலும் இதே முறைதான்; முடிவு கைப்பேசிக்கே வந்துவிடும். நான் 2023இல் கிளினிக்கில் எடுத்தேன். நீளமான ஒரு பஞ்சுக்குச்சியும் குழாயும் கொடுத்து, திரை போட்ட மூலைக்கு அனுப்பினார் தாதி. தலையைப் பஞ்சால் சுற்றிய பேனா மாதிரி இருந்தது. கருப்பை வாயைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, உள்ளே விட்டுச் சில சுற்றுச் சுற்றினால் போதும் என்று சொல்லியிருந்தார். சுற்றும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம்தான் சந்தேகம் வந்தது: சரியாகத்தான் எடுத்தேனா? "எல்லாரும் இதையேதான் கேக்குறாங்கம்மா" என்று சிரித்தார் தாதி. நாமே எடுத்தாலும் டாக்டர் எடுத்ததற்கு ஈடாகத்தான் வைரஸைப் பிடிக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வைரஸின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் வகைச் சோதனையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாப் ஸ்மியர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதன் முடிவில் 'வைரஸ்' என்ற சொல் பெரும்பாலும் வராது. எச்.பி.வி. 'இருக்கிறது' என்று வந்தால் வீட்டில் அடுத்த கேள்வி 'யாரிடமிருந்து?' என் அண்ணிக்கு அப்படி வந்தது. ஒரு வாரம் அண்ணனிடம் சொல்லாமல் முந்தானையில் முடிந்த காசு மாதிரி ஒளித்து வைத்திருந்தார். பிறகு இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கிளினிக்கில் விளக்கினார்கள்: இது எத்தனையோ வருடம் சத்தமில்லாமல் உடம்பில் கிடந்திருக்கலாம், எப்போது வந்தது, யார் தந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. அண்ணன் தலையாட்டினார். முழுசாக நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

'இருக்கிறது' என்று வந்த பிறகு என்ன நடக்கும் என்பதில் என் அனுபவம் மெலிசு. அண்ணியோடு கூடப் போனவள், அவ்வளவுதான். 16, 18 வகை என்றால் நேராகக் கோல்போஸ்கோப்பி, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை. அண்ணிக்கு வேறு வகை. அப்படி வந்தால் செல்களையும் பார்க்க வேண்டும். நாமே எடுத்த குச்சி அதற்கு உதவாது. ஆக, எந்தக் கருவிக்குப் பயந்து குச்சிக்கு வந்தாரோ அதே கருவிக்கு மறுபடி படுக்க வேண்டியதாயிற்று. செல் நன்றாக இருந்தது, பன்னிரண்டு மாதம் கழித்து மீண்டும் எச்.பி.வி. பார்க்கச் சொன்னார்கள். கோல்போஸ்கோப்பி எப்படி இருக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களுக்கு எதுவும் வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். 2010இலிருந்து 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடுகிறார்கள்; என் மகளும் இடைநிலைப்பள்ளி முதல் வருடமான படிவம் ஒன்றில் போட்டுக்கொண்டாள். அது எல்லா வகைகளையும் தடுக்காது. அவளும் வயது வந்ததும் சோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப என் தங்கச்சியையும் கூட்டிட்டுப் போறேன், அவளுக்கு 26" என்றாள் கேண்டீனில் கேட்டவள். அவளுக்கு வேண்டாம் என்றேன். அந்த வயதில் வைரஸ் வருவதும் போவதும் சகஜம். தானாகப் போகிற ஒன்றைக் காட்டிக் கலவரப்படுத்தும். 30 ஆகும்வரை தங்கச்சிக்குப் பாப் ஸ்மியர். அக்காவுக்குக் குச்சி. ஒரே நாளில் போனால் லீவு ஒன்றுதான்.