நாகர்கோவிலில் ஃப்ளாட்டா, தனி வீடா?

சொந்தத்தில் ரெண்டு பேர் இதையே மாறி மாறிக் கேட்டுவிட்டார்கள். வெட்டூர்ணிமடம் பக்கம் நாலு வருஷம் மூன்றாவது மாடியில் இருந்தேன், இப்போது சுங்கான்கடையில் தனி வீடு.

செலவு: ஃப்ளாட்டில் மாதாமாதம் மெயின்டனன்ஸ். வீட்டில் மாதச் செலவு இல்லை, ஆனால் ஓடு மாற்ற, பெயிண்ட் அடிக்க என்று மொத்தமாக வந்து நிற்கும்.

நிலம்: ஃப்ளாட்டில் உங்கள் பெயருக்கு வருவது எல்லாருக்கும் பொதுவான மனையில் பிரிக்கப்படாத பங்கு மட்டும், பத்திரத்தில் எத்தனை சதுர அடி என்று பாருங்கள். தனி வீட்டில் சென்ட் கணக்கில் மனை முழுதும் உங்களுக்கே.

மழை: இங்கேதான் விஷயமே. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் துணி பால்கனியில் காயாமல் ஒரு மாதிரி வாடை அடிக்கும். மேல்மாடி என்றால் மொட்டைமாடிக் கசிவு வேறு, அதைச் சரிசெய்ய யார் காசு போடுவது என்று சங்கக் கூட்டத்தில் சண்டை. தனி வீட்டில் கசிந்தால் அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிடலாம். 2017 ஒக்கி புயலில் கரண்ட் நாள்கணக்கில் இல்லாதபோது கிணறும் வாளியும் இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

மீன்: காலையில் மீன்காரர் ஹாரன் அடித்தால் வீட்டில் சட்டியோடு வாசலுக்குப் போனால் போதும். ஃப்ளாட்டில் எதிர்வீட்டு அக்கா கயிறு கட்டி வாளி இறக்கிச் சாளை வாங்குவார், மிச்சச் சில்லறையும் அதிலேயே ஏறி வரும்!

பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டைப் பூட்டிவிட்டு அடிக்கடி போகிறவர்கள் என்றால் ஃப்ளாட். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று மட்டும் கேளுங்கள். ரெண்டு தென்னை, ஒரு நாய் வேண்டும் என்பவர்களுக்குத் தனி வீடுதான்.