60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

திருப்பூர், ஈரோடு மருந்துக் கடைகளில் ‘எலும்புக்கு டி3’ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இந்தப் பொடி பாக்கெட்தான். 1 கிராம் குருணையில் மருந்து வெறும் ஒன்றரை மில்லிகிராம். மீதி பெரும்பாலும் சர்க்கரையும் மணமும்.

குறைபாட்டைச் சரிசெய்வதில் குறை சொல்ல முடியாது. ரத்தத்தில் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி (உடம்பில் வைட்டமின் டி எவ்வளவு என்று காட்டும் அளவு) மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் வழக்கமாக வாரம் ஒன்று, 8 வாரம். பிறகு மறுபடி ரத்தப் பரிசோதனை. வெளியே வெயில் கொளுத்தினாலும் விடிந்ததும் ஷிப்டுக்குள் போய்ப் பொழுது சாய வெளியே வரும் பனியன் கம்பெனி ஆட்களுக்கு இது உதவும். வெறும் வயிற்றில் தண்ணீரில் கலக்கிக் குடித்தால்தான் முழுப் பலன் கிடைக்காது. கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏறும் சத்து இது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆடை எடுக்காத பாலில் கலக்குங்கள். டம்ளர் அடியில் தங்கும் குருணையும் மருந்துதான், இன்னும் கொஞ்சம் பால் ஊற்றி அலசிக் குடியுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் எண்ணெய் அடைத்த ஜெல் மாத்திரை வாங்கலாம். எங்கள் ஓட்டு அதற்கே.

பெரிய ஆபத்து, வாரம் ஒன்றைத் தினம் ஒன்றாகப் போட்டுவிடுவது. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை கெடும். கொழுப்பில் தங்குவதால் நிறுத்தினாலும் சட்டென்று இறங்காது. கடையிலேயே பாக்கெட் மேல் ‘ஞாயிறு மட்டும்’ என்று பேனாவில் எழுதி வாங்குங்கள்.

‘கூடப் போட்டால் எலும்பு கூட உறுதி’ என்பது தவறு. கனடாவின் கால்கரியில் 3 வருடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், தினம் 10,000 யூனிட் எடுத்தவர்களின் எலும்பு அடர்த்தி 400 எடுத்தவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தொட்ட, தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவு: கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடியிருந்தன.

அதோடு கால்சியமும் வேண்டும். பெரியவர்களுக்குத் தினம் 1,000 மில்லிகிராம். 100 கிராம் ராகியில் சுமார் 350 இருக்கிறது. களி கிண்டுங்கள். கம்பில் இது மிகக் குறைவு, கம்பங்கூழை நம்ப வேண்டாம். கால்சியம் மாத்திரை போட்டால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர்களும் இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டர் சீட்டு இல்லாமல் இந்தப் பாக்கெட்டைத் தொட வேண்டாம்.