“பண்ணையில் பிறந்தவை” என்று சொல்லி எங்களுக்கு விற்ற இரண்டு தவளைகள்

இங்கிலாந்தில் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள் என்று செல்லத் தவளை வாங்கக் கிளம்புகிறவர்கள், கிளம்பும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒரு உயிர் பிழைத்திருக்கும்.

போன பிப்ரவரியில் மகளின் பிறந்தநாளுக்காக இரண்டு ஒயிட்ஸ் மரத்தவளைகள் வாங்கினோம். பச்சை நிறம், கொழுகொழு உடம்பு, எந்நேரமும் லேசாகச் சிரிப்பது போன்ற வாய். ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியாவின் தெற்கிலும் வாழும் இனம். நல்லபடி பார்த்துக்கொண்டால் 15 வருடங்களுக்கு மேல் இருக்கும். மகள் ஒன்றுக்கு மழை என்றும் மற்றதற்குக் குண்டு என்றும் பெயர் வைத்தாள். குண்டு 5 வாரம்தான் இருந்தது.

கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். “காட்டில் பிடித்தவையா, பண்ணையில் பிறந்தவையா?” என்று முதலிலேயே கேட்டேன். “எல்லாம் பண்ணையில் பிறந்தவை, புழு மருந்தும் கொடுத்தாயிற்று” என்றார்கள். ஒன்று 45 பவுண்டு. ஒரே பெட்டிக்குள் 8 தவளைகள் இருந்தன. மூன்று நான்கின் மூக்கு நுனி தேய்ந்து சிவந்திருந்தது. கேட்டதற்கு, கண்ணாடியில் முட்டிக்கொண்டது, ஆறிவிடும் என்றார்கள். காட்டிலிருந்து பிடித்து, சின்னப் பெட்டியில் அடைத்து, தூரதேசம் அனுப்பிய தவளைகளில் அடிக்கடி பார்க்கிற காயம் அது என்று பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியா தன் நாட்டுத் தவளைகளை வியாபாரத்துக்காக உயிரோடு வெளியே அனுப்ப விடுவதில்லை. அதே இனத்தை இந்தோனேசியாவில் காட்டில் பிடித்து ஏற்றுமதி செய்கிறார்கள். சந்தைக்கு வருவதில் ஒரு பங்கு அப்படி வருவதுதான்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டும் நன்றாகத்தான் சாப்பிட்டன. கிரிக்கெட் பூச்சிகளைப் போட்டால் பாய்ந்து பிடித்தன. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில் பேசும்போது மகள் குண்டுவைக் காட்டினாள். “என்னடா இது, தேரை விழுந்த பிள்ளை மாதிரி இடுப்பெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது” என்றார் அம்மா. அதன் பிறகுதான் நான் சரியாகப் பார்த்தேன். பின்னிடுப்பில் இரண்டு எலும்பும் தோலுக்கு மேல் தெரிந்தன. சமையலறைத் தராசில் வைத்தால் 22 கிராம். நான்கு நாள் கழித்து 20. கழிவு தண்ணீராகவும் சளி கலந்தும் இருந்தது. பகலில் கண்ணாடியின் உச்சியில் ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டிய தவளை, தரையில் ஈர மண்ணில் உட்கார்ந்து அவ்வப்போது வாயைத் திறந்து மூடியது. சாப்பிடுகிறது, ஆனால் இளைக்கிறது. தவளைக்குள் புழு இருக்கலாம் என்பதற்கு இது ஒரு முக்கியமான அறிகுறி.

24ஆம் நாள் கடைக்குப் போனேன். புது இடம், பயம், இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்றார்கள். அந்த இரண்டு வாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். கிளம்பும்போது, “உங்கள் மனத் திருப்திக்கு” என்று ஒரு சின்னக் குப்பியைக் கையில் கொடுத்தார்கள். மருந்தின் பெயர் இல்லை, தேதி இல்லை, அளவு இல்லை. முதுகில் இரண்டு சொட்டு விடச் சொன்னார்கள்.

விட்டேன். விட்டது நான்தான், அதை மறைக்க மாட்டேன். குண்டுவுக்கு முதலில் விட்டேன். மழைக்கு மறுநாள் விடலாம் என்று நிறுத்தினேன். அதனால்தான் மழை இன்று இருக்கிறது. மறுநாள் காலையில் குண்டு பின்னங்கால் இரண்டையும் நீட்டியபடி கிடந்தது. தவளை காலை மடக்கித்தான் உட்காரும். விரலால் மெல்ல மடித்து விட்டால், ஈரத் துணி போல மறுபடி நழுவி நீண்டது. மகள் பக்கத்தில் நின்று, “அப்பா, அதுக்கு வலிக்குதா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கடைக்குப் போன் போட்டு விடாமல் கேட்டதும், அது ஐவர்மெக்டின் என்கிற புழு மருந்து, பல்லிகளுக்காகக் கலக்கி வைத்தது என்றார்கள். தவளைகளுக்கும் அந்த மருந்தைக் கொடுப்பதுண்டு, ஆனால் எடை பார்த்து, நன்றாக நீர்க்க வைத்துத்தான். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. தோலில் என்ன விட்டாலும் நேராக உடம்புக்குள் போய்விடும். அளவு மிஞ்சினால் ஐவர்மெக்டின் உடம்பைத் துவள வைத்துவிடும்.

இங்கே நாய், பூனை பார்க்கிற எல்லா மருத்துவரும் தவளை பார்ப்பதில்லை. நான்கு இடங்களுக்குப் போன் செய்த பிறகு ஊர்வனவும் நீர்நில வாழ்விகளும் பார்க்கிற ஒரு மருத்துவர் கிடைத்தார், 40 நிமிடத் தூரம். அவர் குண்டுவைத் திரும்பத் திரும்பக் கழுவி, ஆழமில்லாத நீரில் வைத்து இரண்டு நாள் போராடினார். முடியவில்லை. சம்மதம் வாங்கிக்கொண்டு உடலைத் திறந்து பார்த்தார். நுரையீரல் இரண்டிலும் கருத்த நூல் துண்டுகள் போலப் புழுக்கள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு சென்டிமீட்டர். ராப்டியாஸ் என்கிற நுரையீரல் புழு. மருந்து கொன்றதா, புழு கொன்றதா என்று கேட்டேன். இவ்வளவு புழுவைச் சுமந்த உடம்பு அந்த மருந்தைத் தாங்கியிருக்காது என்றார்.

மழையின் கழிவைக் கொண்டு போனபோது நுண்ணோக்கியில் என்னையே பார்க்கச் சொன்னார். வெளிச்ச வட்டத்துக்குள் மயிரிழை போல ஒன்று நெளிந்தது, அப்புறம் இன்னொன்று. இருபது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். நடுவே தட்டையாக, இலை போலச் சுழன்று நீந்தியவற்றைக் காட்டி, இவை ஒபாலினா, தவளைக் குடலில் வழக்கமாக இருப்பவை, இவற்றுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்றார். சில நேரம் தின்ற பூச்சியின் வயிற்றுப் புழு கூடக் கழிவில் தெரியுமாம். எது தவளையுடையது, எது பூச்சியுடையது, எது இருந்தாலும் பரவாயில்லை என்று பிரித்தறிய அனுபவம் வேண்டும். கடைக்காரர் ஒரு குப்பியைக் கொடுத்துத் தீர்த்துவிடும் விஷயம் இல்லை.

எனக்கு மிகவும் உறைத்தது இந்தப் புழு பரவும் விதம். தாய்ப்புழு நுரையீரலில் முட்டையிடுகிறது. முட்டை தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலுக்குப் போகிறது. இளம்புழுக்கள் கழிவோடு வெளியே வந்து ஈர மண்ணில் பெருகி, தவளையின் தோலைத் துளைத்து மறுபடி நுரையீரலுக்கே போகின்றன. காட்டில் தவளை கழித்த இடத்தை விட்டு நகர்ந்துவிடும், அதனால் இரண்டு மூன்று புழுவோடு வருடக்கணக்கில் வாழ்ந்துவிடும். பெட்டிக்குள் அதே மண்மேல்தான் இரவும் பகலும் உட்கார வேண்டும். நான் ஆசையாக வாங்கிப் போட்ட தேங்காய் நார் மண்ணும் பாசியும் புழு வளர்ப்பதற்கென்றே அமைத்தது போலாகிவிட்டது.

மழைக்கு ஃபென்பெண்டசோல் என்கிற புழு மருந்து கொடுத்தார்கள், தவளையின் எடையைக் கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகப் பார்த்து, வாய்வழியாக, மூன்று வார இடைவெளியில் மூன்று முறை. எல்லாப் புழுவும் ஒரே நேரத்தில் செத்தால் நுரையீரல் வீங்கிவிடும் என்பதால் அவசரப்படவில்லை. மருந்தைவிட வீட்டு வேலைதான் அதிகம். மண், பாசி, மரக்கட்டை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். ஈரமான சமையலறைக் காகிதம் மட்டும், தினமும் மாற்றினேன். கழிவைக் கண்டவுடன் எடுத்தேன். கிண்ணத்தைக் கொதிநீரில் கழுவி, ஆறவிட்டு, குளோரின் நீக்கும் திரவம் கலந்த நீரை ஊற்றினேன். தொடும்போது பவுடர் இல்லாத கையுறை, அதுவும் நனைத்து. இது தவளைக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை சின்ன ஆப்பிரிக்கத் தவளைகளிடமிருந்து சால்மோனெல்லா என்கிற குடல்நோய்க் கிருமி பரவி 376 பேர் நோயுற்றார்கள், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள். பிள்ளைகள் கை கழுவுவதை நின்று பாருங்கள்.

சரி, அந்த இரண்டு வாரக் கணக்கு. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி இங்கே விலங்கும் விற்பனைப் பொருள்தான். குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். 24ஆம் நாள் போனவனை இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னால் அந்த 30 நாள் முடிந்துவிடும். முடிந்த பிறகு போனபோது, உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள். அந்தத் தாள் சட்டத்தை மாற்றாது. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்வார்கள், இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். “அதே பெட்டியிலிருந்து வேறொன்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். மறுத்துவிட்டு மருத்துவர் அறிக்கையோடு கடிதம் எழுதினேன். இரண்டு தவளைக்கான 90 பவுண்டு திரும்பி வந்தது. மருத்துவச் செலவு 340 பவுண்டில் ஒரு பைசா வரவில்லை. அவர்கள் பதிலில் ஒரு வரி இருந்தது: இறக்குமதியாளரிடம் வாங்கினோம், அவர் பண்ணைத் தவளை என்று சொன்னதையே உங்களிடம் சொன்னோம் என்று.

இங்கிலாந்தில் செல்லப் பிராணிக் கடைக்கு 2018 விதிகளின்படி உள்ளூர் கவுன்சில் உரிமம் வேண்டும், உரிமத்தின் நகலைக் கடையில் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். விலங்கு யாரிடமிருந்து வந்தது, என்ன சிகிச்சை நடந்தது என்ற பதிவேடும் வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையான கடை தயங்காது. புழு மருந்து கொடுத்தோம் என்றால் எந்த மருந்து, எந்தத் தேதி, அதன்பின் மலப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். நான் வெறும் வார்த்தையை நம்பிப் பணம் கொடுத்தேன்.

வாங்கிய முதல் வாரத்திலேயே கழிவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், தவளை பார்க்க நன்றாக இருந்தாலும். ஈரமாக, மூடிய டப்பாவில், அன்றன்றைக்கே கொண்டு போக வேண்டும். காய்ந்துவிட்டால் பயனில்லை. வீட்டில் ஏற்கெனவே தவளை இருந்தால் புதியதை 2, 3 மாதமாவது வேறு அறையில் வைத்து, பழையதைக் கவனித்த பிறகே புதியதைத் தொடுங்கள். வாரம் ஒருமுறை எடையைத் தாளில் எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாததைத் தராசு காட்டிவிடும். பெயர் எழுதாத குப்பியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மழையின் கழிவில் கடைசி இரண்டு பரிசோதனைகளிலும் புழு இல்லை. இப்போது 37 கிராம். எடைத் தாளை மகள்தான் எழுதுகிறாள், ஞாயிறுதோறும். தாளின் மேல்பகுதியில் குண்டுவின் பழைய எடைகளும் இருக்கின்றன, 22, 20, 17. அதைக் கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.